டெல்டாவிலிருந்து கொல்லிமலை முகட்டுக்கு: ஒரு குழு மலையேற்றத் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரம்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் மலை என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பது சுவாமிமலை ஒன்றுதான், அதுவும் கட்டுமலை. தமிழ் வருஷங்களின் பெயரில் 60 படி. மூச்சு வாங்குவதற்குள் சந்நிதி வந்துவிடும். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்து வளர்ந்த ஒரு கூட்டத்தை 800 மீட்டர் ஏற்றமுள்ள ஒரு முகட்டுப் பாதைக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. முகட்டின் உச்சியைத் தொடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டம் நன்றாக வேலை செய்தது என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புப் பக்கம் ஆற்றங்கரையில் காலையில் நடக்கிற குழு இது. விவசாயிகள், நடவு வேலைக்குப் போகும் பெண்கள், சில ஆசிரியர்கள், மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர், ஓய்வுபெற்ற இரண்டு மூன்று பேர், கல்லூரிப் பையன்கள். பாதி பேர் வேளாங்கண்ணிக்கோ பழனிக்கோ பாதயாத்திரை போனவர்கள். நாளெல்லாம் நடப்பது இவர்களுக்குப் புதிதில்லை. தொடர்ந்து நாலு மணி நேரம் ஏறுவதும், அதைவிட முக்கியமாக நாலு மணி நேரம் இறங்குவதும்தான் புதிது.

இடமாகக் கொல்லிமலையைத் தேர்ந்ததற்குக் காரணம் சாதாரணமானது. நமக்குப் பக்கத்தில் 1,000 மீட்டருக்கு மேலே போகிற மலைகளில் அது ஒன்று. துறையூர் வழியாக அடிவாரத்துக்குப் போய்விடலாம். வெள்ளியங்கிரி என்று ஆரம்பித்தவர்களும் இருந்தார்கள். பக்தியோடு ஏறுகிறவனைப் பாதியில் திருப்ப முடியாது என்ற ஒரே காரணத்துக்காக அதை நான் எதிர்த்தேன். சாமியைப் பார்க்காமல் திரும்பு என்று யார் யாரிடம் சொல்வது? புளியஞ்சோலைப் பக்கமிருந்து ஏறிய பாதையின் பெயரை இங்கே எழுதவில்லை. அது காப்புக்காடு, வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டிகளும் இல்லாமல் போகக்கூடாத இடம்.

எந்த மாதம்

நேரம் அதிகம் பிடித்தது இந்தக் கேள்விதான். டெல்டாக்காரன் சும்மா இருப்பது சம்பா அறுவடை முடிந்த பிறகு. நெல்லைப் போட்டுக் காசைக் கையில் வாங்கி, உளுந்தைத் தெளித்துவிட்டு, மாசி பங்குனியில் கொஞ்சம் மூச்சு விடுவான். எல்லோரும் கேட்டதும் மாசி மாதத்தைத்தான்.

மலைக்கு அதுதான் ஆகாத காலம். மழை நின்று இரண்டு மாதமானால் சரிவெல்லாம் புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தது இதே மாசி மாதத்தில். தீ மேட்டை நோக்கி வேகமாக ஓடும், மனிதனுக்கு மேடு ஏறினால் வேகம் குறையும். காய்ந்த புல் சரிவில் இந்த இரண்டும் சந்தித்தால் தப்பிக்க வழி கிடையாது. அந்த விபத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்த வனத்துறையும், தீக்காலத்தை உத்தேசித்து அடுத்த பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அவற்றை மூடி வைத்தது. எங்கள் பாதை அந்தப் பட்டியலில் வருகிறதோ இல்லையோ, புல்லுக்குப் பட்டியல் தெரியாது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். பாறை வழுக்கும், ஓடைகளில் திடீரென்று தண்ணீர் ஏறும். ஆக மிஞ்சியது மார்கழிக் கடைசி. வயலில் கதிர் வந்து பால் பிடிக்கிற நேரம். களை எடுத்தாகிவிட்டது, அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், புல் பச்சையாக இருக்கும், வெயிலும் உறைக்காது. பொங்கலுக்கு முந்தைய வாரம் என்று முடிவானது. "பொங்கல் வேலையைப் போட்டுட்டு மலைக்கா?" என்று வீடுகளில் எழுந்த சத்தம் தனிக்கதை.

மார்கழியில் இன்னொரு சிக்கலும் வந்தது. ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த இரண்டு பேர் செருப்பில்லாமல்தான் வருவோம் என்றார்கள். சபரிமலைப் பாதையில் பல வருஷம் வெறுங்காலோடு ஏறியவர்கள், நம்பிக்கையோடு வாதாடினார்கள். அங்கே வழி நெடுக ஆள் இருக்கிறது, ஸ்ட்ரெச்சர் இருக்கிறது. இங்கே ஒரு முள் ஆழமாக ஏறினால் தூக்கிவர நாலு பேர் வேண்டும், அந்த நாலு பேரும் இதே கூட்டத்திலிருந்துதான் வரவேண்டும். பேசிப் பார்த்தபின் அடுத்த முறை வருகிறோம் என்று அவர்களே விலகிக்கொண்டார்கள்.

நேரக் கணக்கு

மலை நடைக்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் பாதை மேலே போக ஏறக்குறைய 5 கிலோமீட்டர், ஏற்றம் 800 மீட்டர். கணக்குப்படி 2 மணி 20 நிமிடம் வருகிறது.

அது உடல் பழகிய, குளிர்நாட்டு ஆள் தனியாக நடக்கும் கணக்கு. 20 சொச்சம் பேர் ஒற்றையடிப் பாதையில் போகும்போது ஒருவர் ஷூ கயிறு கட்ட நின்றால் பின்னால் வரும் அத்தனை பேரும் நிற்க வேண்டும். தண்ணீர் குடிக்க ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்தால் கடைசி ஆள் வந்து சேரும்போது முதல் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். அதனால் அதை இரட்டிப்பாக்கி 4 மணி 40 நிமிடம் என்று வைத்தோம். காலை 6.45-க்குக் கிளம்பினால் 11.25.

அந்தப் பருவத்தில் 6 மணிவாக்கில் சூரியன் மறையும். சோலைக்குள் அதற்கு அரை மணி முன்பே இருட்டிவிடும். இறங்க நாலு மணி நேரம், சாப்பாட்டுக்கு அரை மணி, அசம்பாவிதம் ஏதாவது நடந்தால் சமாளிக்க ஒன்றரை மணி நேரம். இப்படிக் கீழிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால், எங்கே இருந்தாலும் 11.30-க்குத் திரும்பியாக வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி, வருகிற எல்லோரிடமும் ஊரிலேயே கையெழுத்து வாங்கினோம். சட்டத்துக்காக இல்லை. மேலே நின்று பேசும்போது எல்லோருக்கும் ஆசைதான் பேசும். மூணாறு தலைப்பில் டீ குடித்துக்கொண்டு பேசும்போது கொஞ்சம் நிதானம் இருக்கும்.

செலவில் சண்டை வந்தது ஒரே இடத்தில். முந்தின நாளே போய்த் துறையூரில் தங்குவதா, ராத்திரி வேனில் கிளம்பி விடியலில் அடிவாரம் சேர்வதா? "ஒரு ராத்திரிக்கு ரூம் எதுக்குண்ணே, வேன்ல தூங்கிக்கலாம்" என்றது இளைஞர் கூட்டம். கோயில் டூர் என்றால் சரி. தூக்கமில்லாத காலோடு பாறையில் இறங்குவது வேறு, தூக்கமில்லாத டிரைவரோடு இரவில் திரும்புவது அதைவிட மோசம். ரூம் போட்டோம்.

கால்களைப் பழக்கியது

நம் ஊரில் ஏறிப் பழக இடம் இல்லை. சுவாமிமலைப் படிகளில் ஏறி ஏறி இறங்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், சாமி கும்பிட வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று விட்டுவிட்டோம். ஒரு பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கி மாடிப்படியில் பழகினார்கள். ஆற்றங்கரைச் சரிவில் குறுக்காக இறங்கப் பழகியது அதைவிட உதவியது, ஏனென்றால் அங்கே கால் வைக்கும் இடம் சமமாக இருக்காது.

உண்மையான பயிற்சி குளித்தலைக்குப் பக்கத்தில் அய்யர்மலையில் நடந்தது. 1,017 படிகள். மலைக்கு மூன்று வாரம் முன்பு எல்லோரும் கட்டாயம் ஏறி இறங்க வேண்டும், வராதவர் கொல்லிமலைக்கு வரமுடியாது. இதில் ஒரு உடற்கூற்று விஷயம் இருக்கிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. பழகாத தசையில் அந்த வேலை நுண்ணிய சேதத்தை உண்டாக்கும். அதனால்தான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் உட்கார்ந்தால் எழ முடியாத வலி. ஆனால் ஒரு தடவை அப்படி வலித்துச் சரியான தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த வலியோடு தாங்கும். சமவெளியில் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் இந்தப் பலன் கிடைக்காது.

அய்யர்மலையில் யார் முதலில் மேலே போனார்கள் என்று யாரும் குறித்துக்கொள்ளவில்லை. இறங்கிய மறுநாள் யாருக்கு முட்டி வீங்கியது என்று மட்டும் கேட்டுக் குறித்தோம். மூன்று பேர் அத்தோடு நின்றுகொண்டார்கள். ஒருவருக்கு வருத்தம்தான், அவரை அடிவாரத்தில் வேனோடு இருந்து போனைக் கவனிக்கும் பொறுப்பில் வைத்தோம். உண்மையில் அது மிக முக்கியமான வேலை. இன்ன நேரத்துக்குள் கூட்டம் வராவிட்டால் இன்னாரைக் கூப்பிடு என்று கீழே ஒருவர் கையில் இருக்க வேண்டும். மேலே சிக்னல் நம்பமுடியாது.

மாத்திரைப் படிவம்

பெயர், வயது, ரத்த வகை, வீட்டுப் போன் நம்பர் என்று எல்லாப் பயணத்திலும் வாங்குவார்கள். மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தினமும் போடும் மாத்திரையின் பெயரையும் எழுதச் சொன்னோம். அட்டையைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றுகூடக் கேட்டார். "சுகர் இருக்கா என்று கேட்டால் இல்லை என்பார்கள், அட்டை பொய் சொல்லாது" என்பது அவர் கணக்கு. பிரஷருக்கு அட்டினலால் போடுகிறவருக்கு ஏற்றத்தில் இதயத் துடிப்பு தேவையான அளவுக்கு ஏறாது, சீக்கிரம் களைப்பார். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போடுகிறவர் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுவிட்டு நாலு மணி நேரம் ஏறினால் ரத்தச் சர்க்கரை கீழே விழக்கூடும். அந்த மாத்திரை போடுகிற இருவரிடமும், உங்கள் டாக்டரைக் கேட்டு அன்றைக்கு என்ன அளவு என்று தெரிந்துகொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

அன்றைக்கு நடந்தது

அடிவாரத்தில் மூன்று வழிகாட்டிகள் வந்திருந்தார்கள், மூவரும் மலையிலேயே பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் வேறு). இரண்டு பேர் போதாதா என்று கணக்குப் பார்த்தவர்களிடம் முன்பே சண்டை போட்டுத்தான் மூன்றாக்கியிருந்தோம். ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். மூன்றாமவர் யாராவது திரும்ப நேர்ந்தால் அவரோடு இறங்க.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், எலுமிச்சை சாதம், கடலை மிட்டாய், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட். தயிர்சாதம் வேண்டாம் என்று சொல்லியும் நாலு டப்பா வந்திருந்தது. அது இல்லாமல் நம் ஆட்கள் எங்கே கிளம்பினார்கள்!

ஆளுக்கு ஒரு எண் கொடுத்திருந்தோம், நிற்கும் இடமெல்லாம் எண்ணைச் சொல்ல வேண்டும். மெதுவாக நடக்கிறவர்கள் முன்னால் கைடுக்கு அடுத்தாற்போல, வேகமானவர்கள் பின்னால். பையன்களுக்கு இது பிடிக்கவில்லை. முதல் அரை மணி நேரம் பின்னாலிருந்து முணுமுணுப்புதான். அப்புறம் ஏற்றம் செங்குத்தாகி, பேச்சு நின்று, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்க ஆரம்பித்தது.

ஒன்பதரை மணிவாக்கில் ஒரு பாறைத் திட்டில் நின்று எண் சொன்னபோது 9-ஆம் எண் பதில் வரவில்லை. ஓய்வுபெற்ற ஒருவர், மரத்தில் சாய்ந்து நின்றிருந்தார். சட்டை முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. மற்றவர்களுக்கும் வியர்வைதான், ஆனால் இவருக்கு முகம் வெளுத்து, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகும்போது விரல்கள் நடுங்கின. மூடி மரை பிடிக்காமல் மூன்று தடவை நழுவியது. "ஒண்ணுமில்ல தம்பி, நீங்க போங்க, நான் மெல்ல வர்றேன்" என்றார். மருந்துக்கடைக்காரர் படிவத்தைப் பார்க்கக்கூட இல்லை, அவருக்கு மனப்பாடம். "மாமா, காலைல மாத்திரை போட்டீங்களா? என்ன சாப்பிட்டீங்க?" மாத்திரை முழுசாக, சாப்பாடு இரண்டு இட்லி. மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். விரல் நடுக்கம் நின்றது, முகத்தில் ரத்தம் வந்தது. பிறகு பிஸ்கட்டும் கொஞ்சம் சாதமும் கொடுத்தார்கள்.

தெளிந்ததும் மேலே வருகிறேன் என்று அடம்பிடித்தார். இந்த வகை மாத்திரையின் வேலை பல மணி நேரம் நீடிக்கும், திரும்பவும் இறங்கலாம். மூன்றாவது வழிகாட்டியும் அவருடைய மருமகனும் அவரைக் கீழே கூட்டிப் போனார்கள். யார் கூடப் போவது என்ற பேச்சே எழவில்லை. உடன் வந்த உறவினர் திரும்ப வேண்டும் என்று ஊரிலேயே பேசி வைத்திருந்ததால் மருமகன் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது பையைத் தூக்கினார். அங்கே போனது மொத்தம் முக்கால் மணி நேரம்.

சோலை முடிந்து முகடு திறக்கும் இடத்தில் காற்று அடித்தது. பாதை இரண்டு சரிவுகளுக்கும் நடுவில், அகலம் குறைவாக, புல் மூடிக் கிடந்தது. இந்த இடத்தில் யார் தடுமாறுவார்கள் என்று நாங்கள் போட்ட கணக்கு தலைகீழானது. ஜிம்முக்குப் போகும் இரண்டு பையன்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கீழே பார்க்காதே என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டார்கள், அது இன்னும் ஆபத்து. நடவு வேலைக்குப் போகும் பெண்கள் தலைச்சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு நேராக நடந்து போனார்கள். வழுக்குகிற சேற்று வரப்பில் நாற்றுக்கட்டோடு காலுக்கு முன் கால் வைத்து நடந்தே வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் திரும்பி வந்து, "என் முதுகையே பாத்துக்கிட்டு வா தம்பி, காலைப் பாக்காத" என்று பையனைக் கூட்டிப் போனார். வழிகாட்டி சிரித்தார். பிறகு இரண்டு பையன்களையும் இரண்டு அக்காக்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டார். அடுத்த பயணத்துக்கு வரிசையைத் தீர்மானிக்கும்போது வயதையும் உடற்கட்டையும் பார்ப்பதோடு இதையும் கேட்க வேண்டியிருக்கும்.

11.30-க்கு உச்சிப் பாறை கண்ணுக்கு எதிரே தெரிந்தது. இடையில் ஒரு சிறிய இறக்கம், பிறகு ஒரு ஏற்றம்.

"அண்ணே, இதோ தெரியுது. அரை மணி நேரம் போதும்ணே."

"தெரியறதெல்லாம் பக்கமா தம்பி? எங்க வயல்ல நின்னா மன்னார்குடி கோபுரம் தெரியுது. நடந்து பாரு."

பாதிப் பேர் மட்டும் போய்வரலாம் என்று ஒரு யோசனை வந்தது. வழிகாட்டிகள் இருவர்தான் இருந்தார்கள். பிரித்தால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவர், அதிலும் இன்னொருவருக்கு முடியாமல் போனால் அத்தோடு சரி. முன்னால் வந்த வழிகாட்டி இதற்கெல்லாம் வாய் திறக்காமல் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். "காத்து மாறுது சார். மேகம் இந்தப் பக்கம் இறங்குனா முன்னால போற ஆளே தெரியாது" என்றார். கையெழுத்துப் போட்ட தாளை யாரும் எடுத்துக் காட்டவில்லை, தேவைப்படவில்லை. முனகிக்கொண்டே எல்லோரும் பையைத் தோளில் மாட்டினார்கள். முகட்டிலேயே காற்று அதிகமில்லாத ஒரு பள்ளத்தில் சாப்பாடு. தயிர்சாதம்தான் முதலில் காலியானது.

இறக்கத்தில் இரண்டு சம்பவங்கள். ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது, கிரேப் பேண்டேஜ் சுற்றி, குச்சி ஊன்றி மெதுவாக வந்தார். இன்னொரு இடத்தில் பாறையில் மலைத்தேனீக் கூடு. ஏறும்போதே வழிகாட்டி காட்டியிருந்தார். அந்த இடத்தைப் பேச்சில்லாமல், வேகமில்லாமல் கடந்தோம். செண்ட் பூசாதே என்று முன்பே சொல்லியிருந்தோம், ஆனால் தலைக்குப் பூ வைத்து வந்தவர்களை யோசிக்கவில்லை. முகட்டுக்கு வரும்போதே வழிகாட்டி அதை எடுக்கச் சொல்லியிருந்தார்.

கடைசி ஆள் அடிவாரம் சேர்ந்தபோது 4.20. கடைசி ஒரு மணி நேரம் பலருக்கும் முட்டி நடுங்கியது. உச்சிக்குப் போய்த் திரும்பியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் சோலை இருட்டில் வந்திருக்கும், பிசகிய கணுக்காலோடு. மேகம் முகட்டை மூடியதைப் புளியஞ்சோலை ஆற்றில் கால் நனைத்துக்கொண்டே பார்த்தோம்.

என்ன மாறும்

திட்டத்தில் சரியாக வராதது கூட்டத்தின் அளவு. 20-க்கு மேல் என்பது ஒற்றையடிப் பாதைக்கு அதிகம். அடுத்த முறை இரண்டு தேதிகளில் 10 அல்லது 12 பேராகப் போவது என்று பேசியிருக்கிறார்கள். ஆளுக்கு வேன் வாடகை கூடும். அதைக் குறைக்க மூன்றாவது வழிகாட்டியை விட்டுவிடலாமா என்று ஒருவர் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். 9-ஆம் எண்காரர்தான் முதலில் எழுந்து மறுத்தார்.

உச்சிக்குப் போயே ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஒரே வழி, 6.45-ஐ 6 மணியாக்கி நெற்றி விளக்கோடு கிளம்புவது. வனத்துறை அதற்குச் சம்மதிக்குமா என்பதைப் பொறுத்தது, கரடி நடமாடும் நேரம் அது. அனுமதி கிடைத்தாலும் 11.30 மாறாது என்று குழு எழுதி வைத்துவிட்டது.

படிவமும் மாறுகிறது. மாத்திரையின் பெயரோடு, அதை எத்தனை மணிக்குப் போடுவீர்கள், மலை நாளன்று என்ன அளவு போடச்சொல்லி டாக்டர் சொன்னார் என்று இரண்டு கட்டங்கள் சேர்ந்திருக்கின்றன. அந்த இரண்டும் காலியாக இருந்தால் பெயர் பட்டியலில் ஏறாது. காலை ஐந்தரைக்கு மருந்துக்கடைக்காரர் முன்னிலையில் நாலு இட்லி சாப்பிட்டாக வேண்டும் என்பதும் இப்போது விதி.